நம்பிராஜன் பின்னால் நடந்த பெட்ரோல்

அய்யன்தேரி விமானத் திடலில் நம்பிராஜன் ஊற்றின பெட்ரோல் ஒருநாள் வழிந்தது, வழிந்ததெல்லாம் அவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்தது. ஊர்க்காரர்களைக் கேட்டால் இதில் விளக்கிச் சொல்ல ஒன்றுமில்லை என்பார்கள்; எப்படி வந்தது, ஏன் வந்தது என்று துருவுகிறவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வந்தது வந்தாச்சு, நீங்க சாப்பிட்டீகளா என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். அது கிடக்கட்டும். அவர் ஊற்றின விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு பெட்ரோலில் இல்லை, கையில் இருந்தது.

சுற்றிலும் செம்மணல் தேரி, நடுவில் நீளமாக ஒரு தார் ஓடுபாதை, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பட்டணத்துப் பிள்ளைகள் விமானம் ஓட்டப் படிக்க வருகிற இடம் அது. பெரிய விமானத்தில் போய் வந்தவர்கள் அங்கே நிற்கிற விமானத்தைப் பார்த்தால் சிரித்துவிடுவார்கள், அவ்வளவு சின்னது, ரெண்டு பேர் முழங்கையோடு முழங்கை இடிக்க உட்காரலாம், மூன்றாவது ஆள் என்று ஒரு பூனையைக்கூட ஏற்ற முடியாது. பெட்ரோல் போகிற டேங்க் அதன் இறக்கைக்குள்ளேயே இருந்தது, இறக்கையோ தலைக்கு மேலே இருந்தது. அதனால் ஒரு ஆள் ஏணியில் ஏறி இறக்கையின் மேல் மூடியைத் திறந்து குழாயைப் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் கீழே பேரலில் செருகின கைப்பம்பை அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் எர்த் கம்பியை விமானத்தின் உடம்பில் மாட்டிவிட வேண்டும், பொறி எதுவும் பறந்துவிடாமல் இருக்க. சுற்றுவட்டாரத்தில் பீடி இல்லை, தீப்பெட்டி இல்லை என்று பார்த்துவிட வேண்டும். புனலில் தண்ணீரையும் தூசியையும் தடுக்கிற மெல்லிய தோலை விரித்து வடிகட்டி, சொட்டுக் கீழே விழாமல் மெதுவாக ஊற்றி, கழுத்துக்கு ரெண்டு விரற்கடை இடம் விட்டு நிறுத்திவிட வேண்டும். வெயிலில் பெட்ரோல் பெருகும், பெருகுவதற்கு இடம் வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஏணிமேல் நம்பிராஜன், பம்படியில் முப்பிடாதி. பல வருஷமாக அந்த ரெண்டு பேர்தான். முப்பிடாதிக்கு நம்பிராஜனைவிடப் பத்து வயது குறைவு, பனையிலிருந்து விழுந்து படுத்துவிட்ட புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் அந்தப் பம்பை அடித்தே காப்பாற்றிக்கொண்டிருந்தவள். அவள் அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஒரே அளவாகப் போகும், டேங்க் எங்கே நிறைகிறது என்று மேலே பார்க்காமலே அவளுக்குக் கை சொல்லிவிடும்.

ஆனால் நம்பிராஜன் வீட்டுக்கென்று ஒரு பேர் உண்டு, அந்தப் பேரில்தான் வினை. அவருடைய அப்பா தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். படி நிறைந்து, விளிம்பில் குமிழ்ந்து, வழிந்து, வாங்குகிறவள் பாத்திரத்தில் விழுந்தால்தான் அந்த வீட்டு அளவு. தலைதட்டி ஊற்றினால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நம்பிராஜனும் அப்படியே வளர்ந்தார், வீட்டுக்கு வந்தவருக்கு மோர் கொடுத்தாலும் டம்ளர் வழிந்து வாங்குகிறவர் மணிக்கட்டில் ஓட வேண்டும், இல்லையென்றால் கொடுத்ததுபோலவே இருக்காது. அப்படிப்பட்ட மனுஷனை ஏணியில் ஏற்றி, ரெண்டு விரற்கடை குறைத்து ஊற்று என்றால் எப்படி இருக்கும்? வானத்தில் போகிறவனுக்கா குறைத்து ஊற்றுவது, பாதிவழியில் அவன் எந்தக் கடையில் போய்க் கேட்பான் என்று அவருக்கு ஒவ்வொரு தரமும் மனசு அரிக்கும். அதனால் முப்பிடாதி நிறுத்தின பிறகும், "இன்னும் ரெண்டு அடி போடு தாயி" என்பார். அவள் முணுமுணுத்துக்கொண்டே ஒரு அடி போடுவாள், அதோடு விட்டுவிடுவாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மேலிடத்திலிருந்து சோதனை பார்க்க ஒரு அதிகாரி வந்திருந்தார், அவரையே விமானத்தில் ஏற்றிக் காட்டுவதாகக் கேப்டன் ஏற்பாடு செய்திருந்தார். கேப்டன் என்பவர் அந்தப் பள்ளிக்குத் தலைவர், கோபம் வந்தால் குரல் இறங்கிப் பேசுகிறவர். விருந்தாளி போகிற விமானம் என்றதும் நம்பிராஜனுக்குள்ளே அப்பா எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"போதும் அண்ணாச்சி, நிறுத்திருவோம்," என்றாள் முப்பிடாதி.

"இன்னும் ரெண்டு போடு."

"வெயிலு கொளுத்துது. வழிஞ்சிரும்."

"போடுன்னா போடு தாயி. வந்திருக்க ஆளு யாருன்னு தெரியும்லா?"

அவள் போட்டாள். அவர் திருப்தியாக மூடியைத் திருகிவிட்டு இறங்கிவந்தார். கேப்டனும் அதிகாரியும் கொட்டகையிலிருந்து பேசிக்கொண்டே வந்துசேர்வதற்குள் வெயில் இறக்கையைச் சுட்டது, உள்ளே இருந்தது பெருகியது, மூடியோரத்தில் முதலில் ஒரு கசிவு, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் இறக்கையின் சரிவில் நீலமாக ஓடிவந்து அதிகாரியின் வெள்ளைச் சட்டைத் தோளில் சொட்டு சொட்டாக விழுந்தது. அந்தப் பெட்ரோலின் நிறம் நீலம், வேறு எண்ணெயோடு கலந்துவிடக் கூடாதென்று சாயம் போட்டே அனுப்புவார்கள்.

"யார் பண்ணது இது?" என்று கேப்டன் இறங்கின குரலில் கேட்டார்.

நம்பிராஜன் கையில் துடைக்கிற துணி இருந்தது. முப்பிடாதி கையில் பம்பின் பிடி இருந்தது.

"நான் போதும்னு சொன்னேன் சார்," என்றார் நம்பிராஜன். "அவதான் நிறுத்தாம அடிச்சிட்டா."

வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று அவருக்கே தெரியாது, முன்கூட்டி யோசித்து வைத்ததெல்லாம் இல்லை, தடுக்கி விழுகிறவன் பக்கத்தில் நிற்கிறவளைப் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டார். முப்பிடாதி அவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி," என்றாள், அவர் மாற்றிச் சொல்லட்டும் என்று நின்றாள். அவர் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று கேப்டன் சொன்னார். அவள் பம்பின் பிடியை மெதுவாகக் கீழே வைத்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, மணலில் இறங்கி நடந்து போய்விட்டாள்.

தரையில் தேங்கின நீலத்தின்மேல் நம்பிராஜன் மணலை அள்ளிப் போட்டார், மணல் அடியில் போயிற்று, நீலம் மேலே வந்தது. மறுபடி போட்டார், மறுபடி வந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தபோது, ஒரு தாம்பாளம் அகலத்தில் அது அவருடைய குதிகாலுக்குக் கொஞ்சம் பின்னால், அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, தேரி மணலில் ஒரு ஈரத்தடம்கூட வைக்காமல் வந்துகொண்டிருந்தது.

வீட்டு வாசலில் அவருடைய பெண்டாட்டி இசக்கி அவரைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள், உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "செருப்பைக் கழட்டி விடுத மாதிரி அதையும் வெளியே விட்டுட்டு வரப்பிடாதா?" என்றாள். அவர் முயன்று பார்த்தார். அது படியேறி வந்து அவர் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்தில் தானும் உட்கார்ந்தது. அன்றைக்கு அந்த வீட்டில் பழையசோறு.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். வேற்றூராக இருந்தால் கூட்டம் கூடும், செல்போனை நீட்டும், பரிகாரம் பேசும். அய்யன்தேரி அப்படியில்லை, அது மரியாதை தெரிந்த ஊர், அந்த மரியாதைதான் கடைசியில் ஆளைத் தின்றது. மறுநாள் காலையில் நம்பிராஜன் டீக்கடைப் பக்கம் வருகிறார் என்று கண்டதும் கடைக்காரர் மாசானம் கேஸ் அடுப்பை அணைத்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொரு பீடியைக் காலடியில் நசுக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல, "வாங்க அண்ணாச்சி, உட்காருங்க," என்று நகர்ந்து இடம் விட்டார்கள். அதற்கும் சேர்த்து இடம் விட்டார்கள். மாசானம் டீ வேண்டுமா என்று கேட்கவில்லை, ஒரு பன்னீர் சோடாவை உடைத்து நீட்டினார்.

பஸ்ஸில் அவருக்குக் கடைசி சீட், கதவோரம், காற்று வருகிற இடம். "இதுக்கும் டிக்கெட்டு எடுக்கணுமாய்யா?" என்று யாரோ கேலி பண்ண, "நடந்து வாரதுக்கெல்லாம் டிக்கெட்டு கிடையாது," என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது, நம்பிராஜனும் சிரித்தார், சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அய்யனார் கோயிலில் அவர் வந்து நின்றால் பூசாரி விளக்கைக் குளிர வைத்துவிட்டு டார்ச் லைட்டை அடித்து சாமி முகத்தைக் காட்டுவார், மேலே, கீழே, மறுபடி மேலே என்று முறையாகத்தான் காட்டுவார். கோயில் கொடைத் திருவிழா நடந்தபோது சாமியாடி தீப்பந்தத்தோடு ஆவேசமாகத் தெரு திரும்பினார், எதிரே நம்பிராஜன் நிற்பதைக் கண்டார், ஆட்டம் நின்றது, சாமி தன் வாயாலேயே, "ஏல, பந்தத்தை அணைங்கல," என்று உத்தரவு போட்டுவிட்டு, இருட்டில் கொஞ்சநேரம் ஆடி, தீபாராதனை இல்லாமலே மலையேறியது. கார்த்திகைக்கு அவருடைய தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு இல்லை. சொல்லிவைத்து நிறுத்தினதில்லை, அவரவர் தங்கள் விளக்குகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு போய் அடுத்த தெருவில் வரிசையாக வைத்துவிட்டு வந்து, இருண்ட வாசலில் உட்கார்ந்து கதை பேசினார்கள்.

தெருப் பெண்கள் அவர் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்துச் சமைத்து முடித்தார்கள், அவர் திரும்பி வந்த பிறகு பிள்ளைகள் ஆறின சோற்றைத் தின்றார்கள். பிறந்து ஒரு வருஷம்கூட ஆகாத குழந்தைக்குப் பால் சுடவைக்க முடியாமல் ஒருத்தி மூன்று தெரு தள்ளி ஓடினதை நம்பிராஜன் தன் கண்ணாலேயே பார்த்தார், அவள் போகிற போக்கில், "ஒண்ணுமில்ல மாமா, சும்மா காத்தாட," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விமானத் திடலில் கேப்டன் அதைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். "நம்பி, இதைக் கொட்டகைப் பக்கம் கொண்டு வராதீங்க," என்றார், ஓடுபாதையின் அந்தக் கோடியில் முள் வெட்டுகிற வேலைக்கு மாற்றினார், சம்பளத்தில் கை வைக்கவில்லை. பெட்ரோல் வழிந்தது அவளால் என்றால் அது ஏன் இவர் பின்னால் அலைகிறது என்று அவர் கேட்கவில்லை. கேப்டன் கேட்கவில்லை, மாசானம் கேட்கவில்லை, பூசாரி, கண்டக்டர், பெண்டாட்டி ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் அண்ணாச்சி முகம் என்னத்துக்கு ஆகும் என்று ஊரே அவர் முகத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றியது.

அவருக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் உட்கார்ந்தது, படுத்தால் பக்கத்தில் படுத்தது, கண்ணாடியில் முகம் பார்த்தே மாசக்கணக்காகிவிட்டது, நாவிதர்தான் தாடையைத் திருப்பித் திருப்பிச் சிரைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை, ஒருத்தனாவது கல்லெடுத்து எறிந்திருந்தால் தேவலை என்று இருக்கும். எல்லோரும் நம்பிவிட்டார்கள், நம்பித்தான் இவ்வளவு அன்பாக இருக்கிறார்கள், நான் அந்த அன்பைத் திருடித் தின்கிறேன் என்று நினைத்துக் கூனிக்குறுகினார். சொல்லிவிட வேண்டும் என்று டீக்கடைக்குப் போவார், சோடாவைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவார்.

முப்பிடாதியிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் அவள் இப்போது ஊர்க்கோடியில் ஒரு பனைவிளையில் கருப்பட்டி காய்ச்சுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அங்கே அடுப்பு எரியும், அந்தப் புகையில் நின்று அவள் பதநீரைக் கிண்டிக்கொண்டேயிருப்பாள். பம்பு அடித்த கை துடுப்புப் பிடித்துக் காய்த்துவிட்டது, கண் சிவந்து கிடந்தது, பாதிச் சம்பளம்தான் என்று இசக்கி எங்கேயோ கேட்டுவந்து சொன்னாள். அவள் ஊருக்குள்ளும் வருவதில்லை, கடைகண்ணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுவாள், கோயில் கொடைக்குக்கூட வரவில்லை. நெருப்பு எரிகிற இடத்துக்கு நான் எப்படிப் போவேன், போனால் அவளும் சேர்ந்தல்லவா எரிந்து போவாள் என்று நம்பிராஜன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நல்ல காரணம். அவருக்குக் கிடைத்ததிலேயே சௌகரியமான காரணம் அதுதான்.

இப்படி இருக்கும்போது அவர் மகள் ஆவுடைக்கு மாப்பிள்ளை அமைந்தது. ஒரே பிள்ளை, பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள், அப்பா என்றால் அவளுக்கு உயிர். மாப்பிள்ளை சங்கரலிங்கம் கோவில்பட்டிப் பக்கம், நல்ல குடும்பம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எங்க ஊர்ல இப்படிக் கிடையாது என்று மட்டும் சொன்னார்கள், காப்பி ஆறிப்போயிருந்ததைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொன்னார்கள். குத்துவிளக்கும் ஓமமும் இல்லாமல் தாலி கட்டுவது எங்கள் வழக்கத்தில் இல்லை, அது மட்டும் வேண்டும்.

அது நியாயம்தானே? ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பல்பு வைத்த குத்துவிளக்கு கிடைக்கிறது என்றார் மாசானம். அண்ணாச்சியை மச்சில் உட்காரவைத்துவிடலாம் என்றார் பூசாரி. கடைசியில் பந்தலுக்கு வெளியே, வாழைமரம் கட்டின வாசலுக்கும் அந்தப் பக்கம் அவர் நின்றுகொள்வது, பெண்ணின் கையைப் பிடித்துத் தாரை வார்த்துக் கொடுப்பதைப் பெரியப்பா முறையில் ஒருத்தர் செய்துவிடுவது என்று முடிவாயிற்று. நம்பிராஜன் தலையை ஆட்டினார். வாசலில் வாழைமரத்தோடு வாழைமரமாக நின்றுதான் தன் பிள்ளை கல்யாணத்தைப் பார்க்கப்போகிறார். அந்தக் கல்யாண மணையில், அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவள் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், இந்த ஜென்மத்தில் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆவுடை ஒருநாள் சாயங்காலம் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"பெரியப்பா கையைப் பிடிச்சுக் குடுத்தா நான் போக மாட்டேன்பா."

"வேற என்ன செய்யச் சொல்லுத? நெருப்பு இருக்கும்லா."

"நெருப்புக்காகவா நீங்க தள்ளி நிக்கீக?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"நான் முப்பிடாதி அத்தையைப் பார்க்கப் போனேன்," என்றாள் ஆவுடை. "ரொம்ப நாளைக்கு முன்னாலயே போனேன். எங்கப்பா சொன்னது பொய்யின்னு அவுககிட்டச் சொல்லிட்டு வந்தேன்."

பெற்ற பிள்ளைக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் இத்தனை நாள் தண்ணீர் மோந்து கொடுத்தாள், வேட்டி துவைத்துப் போட்டாள், அப்பா அப்பா என்று கூப்பிட்டாள்.

"அவ என்ன சொன்னா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

"எனக்குத் தெரியாதா தாயி, அடிச்சது நாந்தானேன்னு சொன்னாக. போகும்போது ஒரு வட்டு கருப்பட்டி குடுத்து விட்டாக." ஆவுடை எழுந்தாள். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கேன். வாரேன்னு சொல்லியிருக்காக."

கல்யாணத்தன்று ஊர் மொத்தமும் வந்திருந்தது. சமையல் பக்கத்து ஊரில் நடந்து அண்டா அண்டாவாக வேனில் வந்து இறங்கியிருந்தது. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள், மணையில் ஓமகுண்டம் அடுக்கினபடி இருந்தது, குத்துவிளக்கில் திரி போட்டு எண்ணெய் விட்டிருந்தது, எதையும் இன்னும் ஏற்றவில்லை. நம்பிராஜன் புதுவேட்டி கட்டி வாசலில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். உள்ளே போகிறவர்கள் அவர் தோளைத் தட்டிவிட்டு, காலடியில் கிடந்ததை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள்.

முப்பிடாதி வந்தாள். சாயம் போன பட்டுப்புடவை, அதிலும் கருப்பட்டிப் புகை வாசம். கும்பிட்டு அனுப்ப அவருக்குக் கை எழும்பவில்லை. அவளும் உள்ளே போகவில்லை, அவருக்கு ரெண்டு எட்டுத் தள்ளி நின்றுகொண்டாள்.

"நாந்தான் அடிக்கச் சொன்னேன்," என்றார் நம்பிராஜன், குரல் அவருக்கே கேட்கவில்லை. "நீ வேண்டாம்னு சொன்ன. நாந்தான் சொன்னேன்."

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுதீக அண்ணாச்சி? எனக்குத்தான் தெரியுமே. அவுகளுக்குல்லா தெரியாது." பந்தலைக் காட்டினாள். "அவுக முகத்தைப் பார்க்க மாட்டாமத்தான் நான் ஊருக்குள்ளயே வரலை. வேலை தெரியாத முண்டம், பெட்ரோலைக் கொட்டிட்டு வேலையத் தொலைச்சவன்னு நினைச்சிருப்பாக."

அவர் நடந்தார். பந்தலுக்குள் போனார், நீலம் கூடவே போனது, ஜனங்கள் விலகினார்கள், பூசாரி பதறிக் கையிலிருந்த தீப்பெட்டியை மடியில் செருகினார். மேளக்காரர்கள் நிறுத்தினார்கள். பந்திக்கு அழைக்க வைத்திருந்த மைக்கை நம்பிராஜன் எடுத்தார்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்," என்றார். "அன்னைக்குப் பெட்ரோலு வழிஞ்சது முப்பிடாதியால இல்ல. அவ போதும்னு சொன்னா. நாந்தான் கேக்காம இன்னும் அடி, இன்னும் அடின்னு சொன்னேன். பிறகு அவ மேல பழியைப் போட்டுட்டேன். அவ பொழைப்பு போச்சு. இவ்வளவு நாளும் நீங்க என்னைய நம்புனீங்க. அதுக்கு நான் யோக்கியதை இல்லாதவன்."

காறித் துப்புவார்கள் என்று அவர் காத்திருந்தார்.

"அதுக்கென்ன அண்ணாச்சி," என்றார் மாசானம், ரொம்பக் கனிவாக. "எங்களுக்கு அன்னைக்கே தெரியுமே."

"உம்ம பின்னால வரும்போதே தெரிஞ்சு போச்சு வே," என்றார் பூசாரி. "நீரு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் யாரும் கேக்கலை."

"தெரியும் மாமா." "எல்லாருக்கும் தெரியும்." "கேப்டனுக்கும் தெரியும்." "விடுங்க, போகட்டும்." பந்தலின் நாலு பக்கமும் இருந்து, ஆறுதல் சொல்கிற குரலில், ஆளுக்கொன்றாக வந்தது. சபையில் உட்கார்ந்திருந்த கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். நம்பிராஜன் திரும்பி வாசலைப் பார்த்தார், எல்லோரும் பார்த்தார்கள், அங்கே முப்பிடாதி வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் வரவில்லை, வந்திருந்தால் அந்த முகத்தைத் தாங்கியிருக்க முடியும். ஒவ்வொரு முகமாக, மாசானத்தை, பூசாரியை, இசக்கியை, தெருப் பெண்களை, எல்லாம் தெரிந்த இவர்களுக்கு முன்னால் வரவா இத்தனை நாள் வெட்கப்பட்டுப் புகையில் ஒளிந்து கிடந்தோம் என்பதுபோலப் பார்த்தாள்.

அப்போது நம்பிராஜன் காலடியில் கிடந்தது உடைந்தது. உடைந்து நாலாபக்கமும் மணலில் ஓடியது, நாற்காலிகளுக்கு அடியில், ஜமக்காளத்துக்கு அடியில், யாரையும் விடாமல் ஆள் பார்த்துப் பார்த்து ஓடி, ஒவ்வொருவர் குதிகாலுக்குப் பின்னாலும் ஒரு சொட்டாக நின்றது. மாசானம் எழுந்து நாலடி நடந்து பார்த்தார், அது நாலடி வந்தது. கேப்டனுடைய பளபளத்த பூட்ஸுக்குப் பின்னால் ஒன்று. இசக்கிக்கு ஒன்று. பெரியப்பாவுக்கு ஒன்று. நம்பிராஜனுக்கும் ஒன்றுதான் மிஞ்சியது, மற்றவர்கள் சொட்டைவிடப் பெரிதுமில்லை, சின்னதுமில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இல்லை. ஆவுடைக்கு இல்லை. முப்பிடாதியின் பாதம் செம்மண் படிந்து காய்ந்து கிடந்தது.

யாரும் கத்தவில்லை, ஓடவில்லை. செய்ய வேண்டியது அவர்களுக்குத் தெரியும், இத்தனை நாள் ஒருத்தருக்காகச் செய்து பழகியிருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் சொட்டோடு, பந்தலைவிட்டு வெளியேறி, நெருப்பு எட்டாத தூரத்தில் வேலியோரமாகப் போய் நின்றார்கள். பூசாரி தீப்பெட்டியை மணைமேல் வைத்துவிட்டுப் போனார். பந்தலுக்குள் மாப்பிள்ளை வீட்டாரும் ஆவுடையும் மட்டும் நின்றார்கள்.

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. பெண் வீட்டுப் பக்கம் கை பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. ஆவுடை மணையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தாள்.

"அத்தை," என்றாள், "நீங்க வாங்க."

முப்பிடாதி வேலியோரத்தை ஒருதரம் பார்த்தாள். நம்பிராஜன் கூட்டத்தோடு கூட்டமாக, முன்னாலும் இல்லாமல் பின்னாலும் இல்லாமல் நின்றார். அவருக்கு வேண்டியிருந்தது அந்த இடம் ஒன்றுதான் என்று அவளுக்கும் தெரியும், பெண்ணைப் பெற்றவனுக்கு வேறென்ன வேண்டியிருக்கும்? அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். குத்துவிளக்கை ஏற்றினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஓமத்தை வளர்த்து, வாயில் வந்த மந்திரத்தைச் சொன்னார். துடுப்புப் பிடித்துக் காய்த்த கையால் முப்பிடாதி ஆவுடையின் கையை எடுத்து, சங்கரலிங்கத்தின் கையில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தாள்.

தாலி ஏறினபோது வேலியோரத்திலிருந்து ஊரே அட்சதை வீசியது. எட்டிப் பார்த்து, எம்பி, பலங்கொண்ட மட்டும் வீசினார்கள். ஒரு அரிசிகூடப் பிள்ளைகள் தலையில் போய் விழவில்லை, பாதி வழியில் மணலில் மஞ்சளாக உதிர்ந்தது. நம்பிராஜன் தன் கையில் இருந்ததை வீசவே இல்லை. வெட்கத்தில் உள்ளங்கை வேர்த்து அரிசி ஈரமாகிவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு முப்பிடாதி ஓமத்தில் தண்ணீர் தெளித்தாள், விளக்கைக் குளிர வைத்தாள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் பந்தல் நடுவில் போட்டு உட்கார்ந்தாள். வேலியோரத்திலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், தப்பு தாயி என்றும், தெரியாமப் போச்சு என்றும், நாங்க நினைக்கலை என்றும், ஒன்றும் விளங்காமல் சந்தை இரைச்சலாகக் கேட்டது. அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மொத்தமாச் சொல்லாதீக," என்றாள். "ஒவ்வொருத்தரா வாங்க. நான் இங்கனதான் இருக்கேன்."

முதலில் இசக்கி நடந்தாள், அவளுக்குப் பின்னால் மாசானம், பூசாரி, கேப்டன், பால் சுடவைக்க ஓடினவள் குழந்தையோடு, பெரியப்பா என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசை நீண்டது. பெண்ணைப் பெற்றவன் எதிலும் கடைசியாகத்தான் நிற்க வேண்டும், நம்பிராஜன் அந்த வரிசையின் வாலில் போய் நின்றார். முப்பிடாதி தலையைச் சாய்த்து எல்லோரையும் தாண்டி அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லியாச்சு," என்றாள். "மாப்பிள்ளை வீட்டாளுக பசியோட நிக்காக. போயி பந்தியைக் கவனிங்க."

சொட்டு இன்னும் நிற்கிறதா என்று அவர் குனிந்து தன் குதிகாலைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற ஒருத்தர் கண்ணையும் ஏறிட்டுப் பார்க்காமல், பந்திக்கு இலை போடப் போனார்.